மரகதம் டீச்சரின் சத்த வகுப்பு

திங்கட்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, தலைமையாசிரியை என்ற முறையில் மரகதம் டீச்சரின் வகுப்பை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டது. காபி குடிப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்திருந்தேன். கஷாயத்தை வெறும் வயிற்றில் விழுங்குவது போல. பள்ளிக் கமிட்டிச் செயலாளரின் வீட்டிலிருந்து ஆள் வந்து ஒரு பிரதியை வாங்கிப் போனார். இன்னொரு பிரதியை நான் மரகதம் டீச்சரிடம் நேரில் கொடுக்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தபடி கொண்டை முடிந்துகொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

மரகதம் டீச்சரின் அக்காள் கணவர் சோலை. அவனியாபுரத்திலிருந்து மிதித்து வந்திருந்தார். வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"வரல தாயி. எங்க வீட்டுல நோவு கெடக்கு. தள்ளி நின்னே சொல்லிட்டுப் போறேன். மரகதம் போயிருச்சு. நேத்துப் பொழுது சாய."

"எந்த மரகதம்?" என்று கேட்டேன்.

மதுரை முழுவதிலும் எனக்குத் தெரிந்த மரகதம் ஒருவர்தான். அது சோலையண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "நம்ம மரகதந்தான் தாயி. தையல் டீச்சர். வாந்திபேதி. காலையில கண்டுச்சு, சாயங்காலம் முடிஞ்சு போச்சு."

நமது பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதும் இந்தப் புதன்கிழமையும் நான் அந்த வாசலைவிட்டு நகர்ந்ததாகத் தோன்றவில்லை. இதைப் படிக்கப்போகும் பழைய மாணவிகளில் பலர் அவரிடம் தையல் கற்றவர்கள். சிலர் அவரிடம் சத்தம் போடக் கற்றவர்கள். அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அதில் நான் செய்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அவர் தையலுக்காகத்தான் நியமிக்கப்பட்டார். யுத்தம் வந்து தையல் மெஷின் ஊசி கிடைக்காமல் போயிற்று. பள்ளியின் இரண்டு மெஷின்களும் துணி போர்த்தி நின்றன. அப்படிப்பட்ட ஒரு நாள் பிற்பகல், தையல் அறையிலிருந்து மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் பாதி, கோபம் பாதி. ஊசி கிடைத்ததைத் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தேன். மெஷின்கள் போர்த்தியபடியே இருந்தன. முப்பது, முப்பத்தைந்து பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சக்கரத்தை ஓட்டியது. பின்வரிசை உதட்டால் ஊசியை ஏற்றி இறக்கியது. மூலையில் ஒருத்தி மட்டும் காத்திருந்து, 'டிக்' என்று நூலை அறுத்தாள். அறை முழுவதும் ஒரே கணத்தில் நின்றுபோனது.

மரகதம் டீச்சர் என்னைப் பார்த்து எழுந்தார். கொஞ்சம் அசடு வழிந்தார். "ஊசி வர்ற வரைக்கும் வாய் தைக்கட்டும்னு விட்டேன் பெரிய டீச்சர்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை அவருக்கு ஒதுக்கியதும் நான்தான். கால அட்டவணையில் அதற்கு 'கைவேலை' என்று பெயர். பெண்கள் வைத்த பெயர் சத்த வகுப்பு.

அதில் ஒரே ஒரு சட்டம். ஒவ்வொரு வாரமும் ஒருத்தியின் முறை. முறை வருகிறவள் அந்த வாரம் தான் கேட்ட ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து தன் குரலால் போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதில் சேர்ந்துகொண்டு அதை வளர்ப்பார்கள். ஒருமுறை ஒரு பெண் எழுந்து "கா, கா" என்றாள். சுலபமாக முடித்துக்கொண்ட திருப்தி அவள் முகத்தில்.

"காக்கா 'கா'ன்னு கத்துதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் மரகதம் டீச்சர்.

"பொஸ்தகத்துல இருக்கு டீச்சர்."

"காக்கா சொல்லுச்சா?"

அந்தப் பெண்ணை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார். அரைமணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்து போட்ட சத்தம் எந்த எழுத்திலும் அடங்காது. தொண்டையின் அடியில் ஏதோ கிழிந்து, மூக்கின் வழியாக வெளியேறி, பாதியில் சந்தேகப்பட்டு நிற்பதைப் போல இருந்தது. மரத்திலிருந்து ஒரு காக்கை பதில் கொடுத்தது. "ம், அதுக்குப் புரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்தவளை அழைத்தார். நான் கல்லூரியில் நான்கு வருஷம் இலக்கியம் படித்தவள். பார்த்ததை எழுது என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதை நம்பு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஏன் பாட்டு சொல்லித் தரவில்லை என்று வெளியூர்ப் பழைய மாணவிகள் கேட்கக்கூடும். காரணம் நம் ஊருக்குத் தெரியும். பெண்பிள்ளை நான்கு பேர் காதுபடப் பாடினால், அவளை மேடையில் ஏற்றப் பழக்குகிறார்கள் என்றுதான் பேச்சு வரும். அப்படி ஒரு பேச்சு எங்கள் வாசலுக்கும் வந்தது. சிம்மக்கல் வெல்ல மண்டிக்காரர் ஒருவர், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் அறைக்குள் நுழைந்தார்.

"எம்மக இங்க பாட்டுப் படிக்கிறாளாம்ல? நாங்க என்ன நாடகக்காரவுகளா? படிப்பு சொல்லிக் குடுங்கன்னு அனுப்புனா..."

நான் அவருக்கு நாற்காலியைக் காட்டினேன். மரகதம் டீச்சர் அதற்குள் வந்துவிட்டார். "பாடலண்ணே. சத்தந்தான் போடுதுக. நீங்களே வந்து கேளுங்க. அதுல ஒரு சொல்லு இருக்கா, ஒரு ராகம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா இன்னைக்கே நிறுத்திருவோம்."

அவரைத் தையல் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பெண்கள் தொடங்கினார்கள். முதலில் மாட்டுக் கழுத்து மணி. பிறகு வண்டி நிற்கும் சத்தம். மூட்டை தரையில் விழும் சத்தம். வெல்ல அச்சு அச்சாகக் கூடையில் இறங்கும் சத்தம். ஈக்கள். தராசுத் தட்டு கல்லில் இடிக்கும் சத்தம். நடுவில் ஒரு பெரிய செருமல், அதைத் தொடர்ந்து இரண்டு தும்மல். மண்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தா, அந்தத் தும்மல் யாரு?"

அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான்பா" என்றாள்.

"நான் இம்புட்டுச் சத்தமாவா தும்முறேன்?"

"இதவிடச் சத்தம்பா. பிள்ளைக பயந்துரும்னு கொறைச்சுப் போட்டோம்."

அவர் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "சொல்லும் இல்ல, ராகமும் இல்ல. நடத்துங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அது ஒரு தந்திரம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. சொல்லும் ராகமும் இல்லாமல் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடியதால்தான் அந்தப் பெண்கள் அவ்வளவு தூரம் போனார்கள்.

என் குரலைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எனக்குச் சிறுவயதிலிருந்தே கனத்த குரல். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினால் வந்தவர்கள் "ஐயா இருக்கிறாரா" என்பார்கள். சென்னையில் விடுதித் தோழிகள் என்னைத் 'தாசில்தார்' என்று கூப்பிட்டார்கள். அதனால் தேவைக்கு மேல் பேசுவதில்லை என்று பழக்கிக்கொண்டேன். எதையும் தாளில் எழுதி அனுப்பிவிடுவேன். காலைப் பிரார்த்தனையில் உதட்டை மட்டும் அசைப்பேன். இருபது வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. மரகதம் டீச்சர் வந்த ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார். ஆனால் இந்த வருஷம்தான் அதை வாய்விட்டுக் கேட்டார்.

"அக்கா" என்றார். தனியாக இருக்கும்போது அப்படித்தான் அழைப்பார். "வாயசைக்கிறீக, சத்தம் வரலையே?"

"என் குரல் நல்லா இருக்காது மரகதம்."

"நல்லா இருக்கணும்னு யாரு கேட்டா? இந்தப் பிள்ளைக அம்புட்டும் மேல்குரலு. அடியில நிக்க ஆளே இல்ல. நீங்க வந்து நில்லுங்கக்கா. சும்மா 'ம்'முன்னு ஒரு மூச்சு விட்டாப் போதும். மிச்சத்த அதுக பாத்துக்கிரும்."

அப்போது அவர்கள் ஆற்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். காய்ந்து கிடக்கும் வைகையில் புது வெள்ளம் வரும் சத்தம். ஐப்பசி மாதம் ஆண்டு விழாவில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மணலுக்குள் முதல் ஈரம் ஊறுவதை நாக்கு நுனியால் செய்தார்கள். நுரை வருவது, சருகு புரண்டு வருவது எல்லாம் கிடைத்துவிட்டது. தண்ணீரின் கனம்தான் கிடைக்கவில்லை. அதற்குத்தான் நான் வேண்டியிருந்தது. நான் மறுத்தேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுத்தேன். பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. பத்துப் பெண்களிடம் ஆளுக்கொரு வெண்கலக் குடம் கொண்டுவரச் சொல்லி, குடத்தின் வாயில் வாயை வைத்து அடித்தொண்டையில் முனகச் சொன்னார்.

அடுத்து நடந்ததை மதுரையில் அறியாதவர் இல்லை. நம் பள்ளியின் பின்சுவர் ஆற்றங்கரையை ஒட்டியது. குடங்கள் வந்த அன்று மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. குடங்களிலிருந்து எழுந்த முனகல் சுவரைத் தாண்டி மணலில் இறங்கியது. ஆற்றுக்குள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், ஊற்றுத் தண்ணீரில் மாடு குளிப்பாட்டியவர்கள், வெள்ளரிக்காய் விற்றவர்கள் எல்லாரும் ஒரு கணம் தலையைத் தூக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் "தண்ணி வந்துருச்சுடோய்!" என்று கத்தியிருக்கிறார். அவ்வளவுதான். ஒட்டுமொத்தக் கூட்டமும் துணியையும் மாட்டையும் இழுத்துக்கொண்டு கரையேறியது. வைக்கோல் வண்டி ஒன்று சரிவில் சாய்ந்து சக்கரம் முறிந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை.

கால்மணி நேரம் கழித்து ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆற்று மணலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை. "ஏந்தாயி, ஆறு இங்கிட்டுத்தான் ஓடுதா?" என்று கேட்டார். மரகதம் டீச்சர் அவருக்கு ஒரு துண்டு கொடுத்தார். அவர் போன பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அக்கா, ஊரே நம்பிருச்சுக்கா" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுதியதை அச்சில் பார்க்கும் ஒருவரின் முகம் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

கமிட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைக சத்தம் வீதி தாண்டிப் போயிருக்கு" என்றார் செயலாளர். "யுத்த காலம். ஏற்கெனவே சங்கு ஊதுனா சனம் நடுங்குது. நாளைக்குக் குண்டு போடுறான்னு நெனச்சு ஓடுனா யாரு பொறுப்பு?"

மரகதம் டீச்சர் நின்றபடியே பதில் சொன்னார். "ஐயா, நெசமாவே தண்ணி வந்து, நம்ம பிள்ளைக கத்தி அம்புட்டுப் பேரையும் கரையேத்தியிருந்தா மால போட்டிருப்பீக. இப்பவும் கரையேத்தித்தான் விட்டிருக்குதுக." ஒருவர் சிரிப்பை அடக்கினார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "வகுப்ப நிறுத்தணுமா வேணாமான்னு பெரிய டீச்சர் சொல்லட்டும். அவங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அது உண்மை. அந்தக் கமிட்டி என் பேச்சைத் தட்டியதில்லை. குடம் வந்ததே என்னால் என்பதும் எனக்குத் தெரியும். நான் மேஜையைப் பார்த்தேன். "கமிட்டியின் முடிவு எதுவோ அது" என்றேன்.

"சரியாக் கேக்கல" என்றார் செயலாளர்.

மறுபடி சொன்னேன், தெளிவாக. உத்தரவைத் திங்கட்கிழமை காலைக்குள் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும்படி என்னிடமே சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மரகதம் டீச்சர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டருகே நின்று, "தொண்ட கட்டியிருக்கு போல ஒங்களுக்கு. பால்ல மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க. திங்கக்கெழம பேசுவோம்க்கா. வாரேன்" என்றார். சனி ஞாயிறு அக்காள் வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். அந்தப் பக்கத்தில் நோய் இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

திங்கட்கிழமை பிற்பகல் ஜட்கா பிடித்து அவனியாபுரம் போனேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காலரா என்பதால் சுகாதாரக்காரர்கள் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் சேரக் கூடாது என்று அக்கம்பக்கத்தாரை அவரவர் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். துக்க வீடு என்று சொல்ல முடியாதபடி அந்தத் தெரு அமைதியாக இருந்தது. அவருடைய அக்காள் பாக்கியம், சுண்ணாம்புத்தூள் தூவிய வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கடைசி மூணு மணி நேரம் தொண்டையே அத்துப் போச்சு டீச்சர்" என்றார். "இந்த நோவுல அப்பிடித்தான் ஆகுமாம். டாக்டர் சொன்னாரு. உதடு மட்டும் அசஞ்சுச்சு. காதக் கொண்டுபோயி வாய்கிட்ட வச்சுப் பாத்தேன். வெறுங்காத்துதான் வந்துச்சு. என்னமோ கேட்டுச்சு. என்ன கேட்டுச்சுன்னு தெரியலையே டீச்சர். எனக்குத் தெரியலையே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எனக்கு மிளகுப்பால் சொன்ன தொண்டை, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வாய் தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்க முடியாமல் போனது என்பதை என் மனம் ஏற்கவே இல்லை. திரும்பத் திரும்ப நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். இடையில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை.

நேற்று பிரார்த்தனை முடிந்ததும் எட்டாம் வகுப்பு முத்துக்கண்ணு என் அறை வாசலில் வந்து நின்றாள். அவனியாபுரத்தில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள். சத்த வகுப்பில் மட்டும் அவள்தான் முதல்.

"வெள்ளிக்கெழம வகுப்பு உண்டா டீச்சர்?"

"மரகதம் டீச்சர் இல்லையேம்மா."

"தெரியும் டீச்சர். இந்த வாரம் எம்முறை. நான் ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன்."

"என்ன சத்தம்?"

"அதச் சொல்ல முடியாது டீச்சர். போட்டுத்தான் காட்டணும்."

நான் அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். சற்று நேரத்தில் செயலாளரிடமிருந்து சீட்டு வந்தது. நடந்த துக்கத்துக்கு வருந்துவதாகவும், உத்தரவு அப்படியே இருக்கட்டும் என்றும், வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை இனிப் பூவேலைக்கு ஒதுக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். கீழே நான் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப இடம் விட்டிருந்தார். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

மரகதம் டீச்சர் எதையும் எழுதி வைக்கவில்லை. நோட்டுப் புத்தகம் இல்லை, குறிப்பு இல்லை. ஐந்து வருஷம் அந்த அறையில் உருவான எதையும் எடுத்து உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது. கத்தரிக்கோலும் விரலுறையும் பாக்கியத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டன. எனக்கென்று மிஞ்சியது என் காது ஒன்றுதான். இரண்டு நாளாகத் தெருவில் போகும் எதையும் என்னால் சும்மா விட முடியவில்லை. தயிர்க்காரி பானையை இறக்கும்போது அவள் விடும் மூச்சைக் கேட்கிறேன். துவைகல்லில் துணி விழுவதற்கும் அதன் சத்தம் என்னிடம் வருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கேட்கிறேன். அவர் இந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொன்னால் அது மிகை. நான் ஒருநாளும் அவர் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. கதவருகே நின்று கேட்டதோடு சரி.

இந்த இதழ் கை மாறி உங்களிடம் வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். அதனால் இங்கே எழுதலாம். அன்று கடைசி வகுப்பை நான் எடுக்கப்போகிறேன். பின்னாலுள்ள தையல் அறையில் அல்ல. வீதியைப் பார்த்த முன் கூடத்தில், எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து. யார் வந்து நிறுத்தச் சொன்னாலும், ஏன் நிறுத்த மாட்டேன் என்பதை எழுந்து நின்று, என் குரலிலேயே அவரிடம் சொல்வேன். முதலில் முத்துக்கண்ணு தன் சத்தத்தைப் போடுவாள். பெண்கள் அதில் ஒவ்வொருவராகச் சேர்வார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்த பிறகு, அவர்களுக்கு அடியில், நானும் வாயைத் திறப்பேன். செயலாளருக்கோ மற்ற டீச்சர்களுக்கோ பாக்கியத்துக்கோ இது தெரியாது. முத்துக்கண்ணுவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.